சிவப்புக் குடையும் ஓர் உலக சாதனையும்

போன மாதம் மாவட்ட ஓட்டப்பந்தயத்துக்குச் சிறப்பு விருந்தினராக வரச் சொல்லி அழைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் என்றால் வேறென்ன, ஒரு மாலை, ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில். போய் உட்கார்ந்தேன். ஓட்டம் தொடங்குகிற இடத்தில் ஒரு பெண் நின்றாள். கையில் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, அதிலிருந்து ஒரு ஒயர். ஓடுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஒரு குட்டி ஸ்பீக்கர். அவள் அழுத்தினாள். "பீப்" என்றது. வீட்டில் வாஷிங் மெஷின் துணி துவைத்து முடித்ததும் கூப்பிடுமே, அதே சத்தம். புகை இல்லை, மருந்து வாசனை இல்லை. பக்கத்தில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு துப்பாக்கியா?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் இருந்த இளம் வாத்தியார் சிரித்தார். அதற்கு முந்தின நாள்தான் யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் இளையோர் உலக சாதனையை உடைத்ததாகத் தொலைக்காட்சியில் காட்டியிருந்தார்கள். காலையிலிருந்து அங்கே அதே பேச்சு. அவர் மெல்லக் குனிந்து, "டீச்சர், நம்ம மலையிலயும் ஒரு தடவ உலக சாதனை உடைஞ்சிச்சாமே, உண்மையா? எங்க வாட்ஸ்அப் குரூப்ல எழுதுங்களேன். எல்லாரும் ஆளுக்கொரு கதை சொல்றாங்க லா" என்றார்.

உண்மைதான் வாத்தியாரே. ஒரு கிளாஸ் தே தாரேக் தேத்தண்ணி ஆறுகிற நேரம், அந்த உலக சாதனை எங்கள் தேயிலைத் தோட்டத்திடம்தான் இருந்தது. ஆளுக்கொரு கதை சொல்வதைவிட, துப்பாக்கியைப் பிடித்தவளே சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி சொல்லிக்கொடுத்தேன். மாவட்டப் போட்டிகளில் ஓட்டத்தைத் தொடக்கி வைக்கும் வேலையும் என்னுடையது. பணி ஓய்வு பெறும்வரை இரண்டையும் விடவில்லை. மலையின் இந்தக் கோடி ரிங்லெட்டிலிருந்து அந்தக் கோடி கம்போங் ராஜா வரைக்கும் எனக்கு ஒரே பெயர்தான், துப்பாக்கி டீச்சர். கல்யாண வீடுகளில் என் வீட்டுக்காரர், "இவ கையில துப்பாக்கி இருக்கு, நான் வாயே திறக்க முடியாது" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பார். வாயை மூடியிருந்த மனுஷனைப் பார்க்க வேண்டுமே!

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கீழே டவுனில் ஒரு வார இறுதி உட்கார வைத்து விதிமுறைகளை மலாயில் படித்துக் காட்டினார்கள். "கெ காரிசான்" என்றால் கோட்டுக்கு வா, "செடியா" என்றால் தயாராகு. அப்புறம் சுடு. அவ்வளவுதான் படிப்பு. எங்கள் பள்ளியின் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் வருடம் "செடியா" என்று சொன்னதும், இரண்டு பேர் எழுந்து தேயிலைச் செடியைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு விதிமுறைப் புத்தகத்தில் பதில் கிடையாது. நான் முதன்முதலில் சுட்டபோது துரையின் நாய் மிரண்டு கயிற்றைத் தாண்டி ஓடி, முதல் ஆளாகக் கோட்டைத் தொட்டது. இன்னொரு வருடம் மழையில் தோட்டா நமுத்துப்போய், விசையை அழுத்த அழுத்த "டிக் டிக்" என்றது. கோபத்தில் "டமார்!" என்று வாயாலேயே சுட்டேன். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள்.

அந்த "டமார்" ஓட்டத்தை ரத்து செய்தவர் பெரிய கிராணி சிற்றம்பலம். தோட்டத்து ஆபீஸில் தலைமை எழுத்தர். போட்டி நாளில் நேரம் எடுப்பவர்களுக்கெல்லாம் தலைவர், எனக்கும் மேலதிகாரி அவர்தான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெயிலானாலும் மழையானாலும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர், பையில் இருமல் மிட்டாய். கோபம் வந்தால் ஒரு மிட்டாயை உரித்து வாயில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவோம்.

அவர் நேரம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். முடிவுக் கோட்டருகே தன் ஆட்களைப் படிக்கட்டு மாதிரி மேலும் கீழுமாக நிற்க வைப்பார். கடிகாரத்தை ஆட்காட்டி விரலால்தான் அழுத்த வேண்டும், "கட்டைவிரலுக்குச் சோம்பேறித்தனம் ஜாஸ்தி" என்பார். ஒருவர் எடுத்த நேரத்தை அடுத்தவர் எட்டிப் பார்க்கக் கூடாது. யார் ஜெயித்தாலும் கை தட்டக் கூடாது. "கடிகாரம் கை தட்டுமா? தட்டாது. நீயும் தட்டாத" என்பார். கடிகார முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் மெதுவான எண்ணைத்தான் எழுதுவார். அதே மனிதர்தான் தோட்டத்தில் இலை நிறுப்பதையும் மேற்பார்வை பார்த்தார். கூடைக்காரப் பெண்கள் முகத்துக்கு நேராகவே கேலி பண்ணுவார்கள்: "எல நிறுத்தா கொறச்சுப் போடுவாரு, பிள்ள ஓடுனா கூட்டிப் போடுவாரு. எப்படிப் பாத்தாலும் நமக்குத்தான் நட்டம்." அவர் ஒரு மிட்டாயை உரிப்பார்.

அவருடைய முதல் கட்டளை, காதை நம்பாதே என்பது. துப்பாக்கிச் சத்தம் மறுமுனைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சத்தத்தைக் கேட்டு அழுத்தினால், ஓடுகிறவர்களுக்கு அந்த நேரம் இனாமாகக் குறைந்துவிடும். அதனால் புகையைப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் உலகம் முழுக்க மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கித் திடலில் வந்து உட்காருவதில்லையே. வெள்ளைப் பனிக்குள் வெள்ளைப் புகையை எங்கே தேடுவது?

அதற்குத்தான் சிவப்புக் குடை. திடலின் பாதியில், ஓரமாக, ஒருவர் சிவப்புக் குடையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து நிற்பார். அங்கிருந்து பார்த்தால் என் துப்பாக்கி தெரியும். முடிவுக் கோட்டில் இருப்பவர்களுக்கு அவருடைய குடை தெரியும். துப்பாக்கி வெடித்து நெருப்பு தெரிந்த அதே நொடி அவர் குடையைச் சட்டென்று கீழே இறக்குவார். குடை இறங்கினால் கடிகாரம் ஓடும். எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது. எங்கள் மலையில் மட்டும்தான்.

குடை பிடிப்பவர் வீராசாமி கங்காணி. உரத்த குரல், பெரிய மீசை, குடை இறக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. சும்மா சொல்லக் கூடாது, ஆளும் இல்லைதான். அவருடைய அக்கா மகள்தான் லோகேஸ்வரி.

லோகேஸ்வரியைப் பற்றிச் சொன்னால் பெருமை பீற்றுகிறேன் என்பீர்கள், பரவாயில்லை. பதினேழு வயது. தகப்பன் இல்லை, தாயார் கொழுந்து பறிக்கிறவர். விடிந்தும் விடியாமலும் தேயிலைச் சரிவு ரோட்டில் அவள் ஓடுவாள். பின்னாலேயே மாமா மோட்டாரில், விளக்கைப் போட்டுக்கொண்டு, "காலத் தூக்கு! காலத் தூக்கு!" என்று கத்திக்கொண்டு வருவார். லைன் வீடுகளில் அலாரமே தேவையில்லை. எங்கள் ஊரில் எதுவும் சீக்கிரம் காயாதே, அதனால் அவளுடைய ஓட்டச் சப்பாத்தை மாமா தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், தேயிலை உலர்த்தும் அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய வைப்பார். அவள் கோட்டில் குனிந்தால் எனக்குத் தேத்தண்ணி வாசனை வரும்.

அந்த வருடம்தான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்க ஒரு நேரத்தைக் குறித்திருந்தார்கள். முதலாவதாக வந்தால் மட்டும் போதாது, அந்த நேரத்துக்குள் ஓட வேண்டும், அன்று சாயந்திரத்துக்குள் முடிவு மாநிலத் தலைநகர் குவாந்தானுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் பரீட்சை முடிந்ததும் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் பொட்டலம் கட்டும் வேலை. அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் அவளுக்கு ஓடத்தான் ஆசை. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

அன்றைக்குப் பார்த்துக் கம்போங் ராஜா பிள்ளைகள் வந்த லோரி வழியில் படுத்துவிட்டது. காலையில் முடிய வேண்டிய நூறு மீட்டர் இறுதி ஓட்டம் பிற்பகலுக்குப் போனது. மேகம் சொல்லி வைத்த மாதிரி வந்து உட்கார்ந்தது. ஆறு பிள்ளைகள் கோட்டுக்கு வந்தார்கள். அதில் கோலா தெர்லாவிலிருந்து வந்த ஒருத்தி குண்டு எறிகிறவள், ஆள் குறைகிறதே என்று வாத்தியார் கெஞ்சி நிறுத்தியிருந்தார். பாதித் திடலில் சிவப்புக் குடை உயர்ந்தது. "கெ காரிசான்" என்றேன். "செடியா" என்றேன். சுட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டத்தைத் தொடக்கி வைக்கிறவருக்கு முடிவு தெரியாது. இத்தனை வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் பிள்ளைகளின் முதுகுதான். பனி நாளில் அந்த முதுகும் பாதியிலேயே மறைந்துவிடும். அதற்கப்புறம் சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு வந்த சத்தம் சாதாரணச் சத்தம் இல்லை. ஒலிபெருக்கியில் இருந்தவர் காதர் பாய். ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், போட்டிக்குத் தே, பலகாரமெல்லாம் அவர் உபயம், அதற்குப் பதிலாக மைக்கை எடுத்துக்கொள்வார். யாரோ நேரத்தைக் காதில் போட்டிருக்கிறார்கள். பத்து நொடிச் சில்லறை. பாய் உடனே கைப்பேசியில் தேடியிருக்கிறார்.

"அல்லாஹ்வே! சகோதர சகோதரிகளே! உலகத்துல எந்தப் பதினேழு வயசுப் புள்ளையும் ஓடாத ஓட்டம்! உலக சாதனை! நம்ம லோகேஸ்வரி! எல்லாருக்கும் தே ஃப்ரீ லா!"

அப்புறம் என்ன, திடலே திருவிழா ஆகிவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். பிள்ளையைத் தூக்கினார்கள். கங்காணியையும் தூக்கினார்கள், குடையோடு சேர்த்து. கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார்களாம். எனக்கும் புல்லரித்துப்போய், மறுமுனைக்கு ஓடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து பெரிய கிராணி நடந்து வந்தார். அவர் என் முனைக்கு நடந்து வந்ததே கிடையாது. வாயில் இரண்டு மிட்டாய்.

"டீச்சர், ஒங்க துப்பாக்கி சரியா வெடிச்சிச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் சார், வெடிக்காம பாட்டா பாடுச்சு?"

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த தாளைக் காட்டினார். "மொதல்ல வந்த புள்ள உலக சாதனை. சரி. இந்தா பாருங்க, ஆறாவதா வந்த புள்ள. குண்டு எறியிறவ. அவளும் மாநில சாதனைய ஒடச்சிருக்கா."

நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, "டீச்சர், நான் கடைசி ரெண்டு எட்டு நடந்துதான் வந்தேன். என் சிநேகிதிக்குக் கைகூடக் காட்டினேன்" என்றாள்.

எங்களுக்குப் புரிந்துவிட்டது, கடிகாரம் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் கேட்க வேண்டுமே. கங்காணியைத் தோளிலிருந்து இறக்கித் தனியே கூட்டி வந்தோம். யாரோ போட்ட மாலை கழுத்திலேயே இருந்தது. கிராணி மெதுவாகத்தான் கேட்டார், "வீராசாமி, கொட எப்ப எறங்குச்சு?"

மனிதர் முதலில் மீசையைத் தடவினார். "வெடிச்ச ஒடனே சார்." கிராணி கையிலிருந்த தாளை அவர் கண்ணுக்கு நேராக நீட்டினார். கங்காணியின் கை மீசையிலிருந்து இறங்கியது.

"இல்ல சார். புள்ள எந்திரிச்ச விதத்தப் பாத்துட்டேன். தெனமும் பின்னால இருந்துதான் பாப்பேன், மொத தடவ முன்னால இருந்து பாக்குறேன். அப்படியே வாயத் தொறந்துகிட்டு நின்னுட்டேன். அஞ்சாறு எட்டு வெச்சு வந்துட்டா, அப்பதான் கையில கொட இருக்கிறதே நெனப்பு வந்திச்சு."

நேரம் எடுத்த இளைஞர்களில் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார், சத்தம் மொதல்ல வந்திச்சு. கொட அப்புறம்தான் எறங்குச்சு. நீங்கதான் காத நம்பாதன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா. நாந்தான் சொன்னேன்" என்றார் கிராணி. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

விஷயம் காதர் பாய் காதுக்குப் போனது. மைக்கை அணைத்துவிட்டு ஓடி வந்தார். "யாருக்குத் தெரியப் போவுது சார்? அனுப்பிடுங்க லா. புள்ள வாழ்க்க சார்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த எண்ணைக் குவாந்தானில் யார் பார்த்தாலும் சிரிப்பார்கள். அப்புறம் அந்தப் பிள்ளை எங்கே ஓடினாலும், 'குடைக்காரி வந்துட்டா' என்பார்கள். கிராணி தாளில் நேரத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டார். முதலிடம் செல்லும், நேரம் செல்லாது என்றார். நேரம் இல்லையென்றால் முகாமும் இல்லை.

எனக்கு வந்ததே கோபம். "தப்பு பண்ணுனது நம்ம, தண்டன புள்ளைக்கா? திரும்ப ஓட விடுங்க சார்."

அவர் யோசித்தார். "ஆறு பேரும் சம்மதிக்கணும். ஒருத்தி மாட்டேன்னாலும் இல்ல. ஓடுனா பழைய முடிவும் போயிரும் டீச்சர். லோகேஸ்வரி தோத்தா, தங்கமும் போச்சு. மொதல்ல அவகிட்ட கேளுங்க."

அவளிடம் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. யார் யாரோ அவளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் விரட்டிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அவள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் உலக சாதனை பண்ணல."

"இல்லம்மா."

"எவ்வளவு நேரம் டீச்சர் வெச்சிருந்தேன்?"

"பாய் தே கலக்கி முடிக்கிற வரைக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரும்ப ஓடுவதில் இருக்கும் ஆபத்தை எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஓடுறேன் டீச்சர்" என்றாள்.

மற்ற பிள்ளைகளில் முதலில் கை தூக்கியவள் குண்டு எறிகிறவள். "நான் வரேன் டீச்சர். ஆனா எனக்கு இன்னொரு சாதனை வேணாம், ஒண்ணே போதும்." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு மாட்டேன் என்று சொல்ல மற்றவர்களுக்கும் மனம் வரவில்லை. நன்றாக ஓய்வெடுக்க விட்டு, திரும்பவும் கோட்டுக்குக் கூப்பிட்டோம். மேகம் அசையவில்லை, குடை வேண்டும்.

ஆபீஸ் பையன் ஒருவனைக் குடை பிடிக்கச் சொன்னார்கள். கங்காணி தூரமாய் ஒரு கல்லில் உட்கார்ந்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சற்று முன்னால் தோளில் தூக்கியவர்கள் அவர் பக்கமே போகவில்லை. லோகேஸ்வரி பார்த்தாள்.

"மாமாதான் கொட பிடிக்கணும். இல்லன்னா நான் ஓடல."

"ஏம்மா, திரும்பவும் வாயப் பொளந்துகிட்டு நின்னா என்ன பண்ணுவ?" என்றேன்.

"நிக்க மாட்டாரு. இன்னிக்கு வேற ஆளு பிடிச்சா, அவரு இனிமே வீட்ட விட்டே வெளிய வர மாட்டாரு டீச்சர். எனக்குத் தெரியும்."

கிராணி மிட்டாய்க்குப் பையில் கையை விட்டார். மிட்டாய் எடுக்காமலே கையை வெளியே எடுத்தார். "சரி. ஆனா வீராசாமி, நீ புள்ளையப் பாக்கக் கூடாது. துப்பாக்கிய மட்டும் பாக்கணும். சத்தியமா?"

"சத்தியமா சார். எங்கக்கா மேல சத்தியமா."

குடை உயர்ந்தது. நான் கையைத் தூக்கினேன். பனிக்கு நடுவே கங்காணியின் முகம் தெரிந்தது. அவர் என் கையை மட்டும் பார்த்தார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதையும் துடைக்கவில்லை. எனக்கு முன்னால் தேத்தண்ணி வாசனை. சுட்டேன். குடை என் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டிவிட்ட மாதிரி இறங்கியது. பிள்ளைகள் அவரைத் தாண்டிப் பனிக்குள் போனார்கள். அவர் தலை திரும்பவில்லை.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. மைக்கைக் கிராணி முன்கூட்டியே பிடுங்கி வைத்திருந்தார். தாயார்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்களாம். நான் துப்பாக்கியைத் தூக்கினபடி நிற்கிறேன், அவர் குடையை இறக்கினபடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. கடிகாரங்களைச் சரிபார்க்கிறார்கள் என்று மட்டும் தெரியும்.

பனிக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. ஒரே ஒரு ஆள். நிதானமாக, ஒரே சீராக. பெரிய கிராணி கை தட்டினார். அதற்குப் பிறகுதான் திடலே வெடித்தது.

குறித்த நேரத்துக்குள் ஓடிவிட்டாள். மயிரிழையில்தான், அதுவும் அவர் மெதுவான எண்ணை எழுதிய பிறகு. முகாமுக்குப் போனாள், மாநிலத்துக்காக இரண்டு வருடம் ஓடினாள். தொலைக்காட்சியில் காட்டுகிற அளவுக்கு ஒன்றும் ஜெயிக்கவில்லை. இன்றைக்குக் குவாந்தானில் ஒரு பள்ளியில் பிள்ளைகளை ஓட விட்டு, "காலத் தூக்கு!" என்று கத்துகிறாளாம். உலக சாதனை உண்மையா என்று கேட்டீர்களே வாத்தியாரே, கதை இவ்வளவுதான்.

அன்றைக்குக் கூட்டமெல்லாம் முடிவுக் கோட்டுக்கு ஓடியது. கங்காணி மட்டும் எதிர்த்திசையில், என்னிடம் வந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"டீச்சர், புள்ள எப்படி ஓடுச்சு?"

"எனக்கு எப்படி கங்காணி தெரியும்? நான் முதுகத்தானே பாத்தேன்."

"அதத்தான் கேக்குறேன் டீச்சர். முதுகு எப்படி இருந்திச்சு, சொல்லுங்க. நான் அதையும் பாக்கல."